முப்பது வெள்ளிக்காசு நடந்த வழி

இயேசுவைக் காட்டிக்கொடுக்கச் சீடன் யூதாஸ் பெற்ற தொகை முப்பது என்று சொல்பவர், சுவிசேஷகர்களில் மத்தேயு ஒருவரே. மாற்கும் லூக்காவும், பணம் தருவதாகப் பேசிக்கொண்டார்கள் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். யோவான், சீடர்களின் பணப்பை யூதாஸிடம் இருந்ததைச் சொல்கிறாரே ஒழிய இந்தப் பேரத்தைத் தொடவே இல்லை. மத்தேயுவோ காசை விடாமல் பின்தொடர்கிறார். பிரதான ஆசாரியர்கள் அதை எண்ணிக் கொடுக்கிறார்கள். இயேசுவுக்கு மரணத் தீர்ப்பு என்று தெரிந்ததும் யூதாஸ் மனம் கசந்து அதைத் திருப்பிக் கொண்டுவருகிறான். அவர்கள் வாங்க மறுக்கவே, ஆலயத்துக்குள் எறிந்துவிட்டுப் போய் நான்றுகொண்டு சாகிறான். அவன் கதை அங்கே முடிகிறது. காசின் கதை முடியவில்லை.

அந்தத் தொகை எவ்வளவு பெறும்? ஒருவனுடைய மாடு இன்னொருவனின் அடிமையை முட்டிக் கொன்றால், அடிமையின் எஜமானுக்கு முப்பது வெள்ளிச் சேக்கல் கொடுக்கவேண்டும் என்கிறது யாத்திராகமம். சகரியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில், மந்தையை மேய்த்தவனுக்குக் கூலியாக நிறுத்துக் கொடுக்கப்படுவதும் முப்பது வெள்ளிதான். அவமதிப்பான அந்தக் கூலியை அவன் ஆலயத்திலே குயவனிடம் எறிந்துவிடுகிறான். மத்தேயு எழுதும்போது இந்த இடம் அவர் மனதில் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, வாக்கை எரேமியாவின் பெயரில் சொன்னாலும்.

என்ன நாணயம் என்று சுவிசேஷம் சொல்வதில்லை. அக்காலத்து எருசலேம் ஆலயத்தில் வரி செலுத்த ஏற்ற நாணயம் தீரு பட்டணத்துச் சேக்கல். ஆகவே அதுவாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஒரு பக்கம் மெல்கார்ட் என்ற தீருவின் தெய்வம், மறுபக்கம் கழுகு. உருவங்களை விலக்கிய ஆலயம், வெள்ளியின் தரத்துக்காக அந்நிய தெய்வத்தின் முகத்தைச் சகித்துக்கொண்டது. இயேசு கவிழ்த்துப்போட்ட காசுக்காரர்களின் மேசைகளிலும் இந்த நாணயம் குவிந்திருந்திருக்கும். ஒன்று ஏறக்குறைய 14 கிராம். முப்பதும் சேர்ந்தால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மதிப்பில் 120 தெனாரி, அதாவது கூலியாள் ஒருவனின் நான்கு மாத உழைப்பு. பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின்மேல் ஊற்றிய தைலம் 300 தெனாரி பெறும் என்று சீடர்களிடையே முறுமுறுப்பு எழுந்ததே, அதில் பாதிகூட இல்லை.

எறியப்பட்ட காசைப் பொறுக்கிய ஆசாரியர்கள், இது இரத்தக் கிரயம், காணிக்கைப் பெட்டியில் போடக்கூடாது என்று தீர்மானித்தார்கள். கொடுத்தபோது வராத தயக்கம், திரும்பி வந்தபோது வந்தது. சுவிசேஷத்தில் எனக்கு மிகவும் அச்சம் தரும் இடங்களில் இது ஒன்று. குயவனுடைய நிலத்தை வாங்கி, ஊர்பேர் தெரியாத அந்நியரை அடக்கம்பண்ண விட்டார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் கணக்கு வேறு: நிலத்தை வாங்கியவன் யூதாஸே, அங்கேயே விழுந்து வயிறு வெடித்துச் செத்தான். நிலத்தின் பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்று, இரத்தநிலம்.

இந்தக் காசு ஆசாரியர் கைக்கு எங்கிருந்து வந்தது என்று வேதம் சொல்லாததால், பின்வந்தவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்துப் பேராயர் சாலமோன், சிரிய மொழியில் எழுதிய தேனீயின் புத்தகத்தில் ஒரு முழு வரலாறே தருகிறார். காசுகளைச் செய்தவர் ஆபிரகாமின் தகப்பன் தேராகு. ஆபிரகாம் ஈசாக்குக்குக் கொடுத்தார். ஈசாக்கு ஒரு கிராமம் வாங்கினார். விற்றவன் அதைப் பார்வோனிடம் கொண்டுபோக, பார்வோன் ஆலயம் கட்டும் சாலொமோனுக்கு அனுப்பினான். நேபுகாத்நேச்சார் கொள்ளையடித்தான். அவனிடமிருந்து அது பாரசீகத்துக்குப் போய், கடைசியில் நட்சத்திரத்தைக் கண்டு புறப்பட்ட சாஸ்திரிகளின் மூட்டைக்குள் ஏறியது. எதெஸ்ஸா அருகே வழியில் தூங்கிய அவர்கள் அதை மறந்து போய்விட்டார்கள். கண்டெடுத்த வியாபாரிகள், தேவதூதன் மேய்ப்பர்களுக்குத் தந்த தையலில்லாத அங்கியை அதைக் கொண்டு வாங்கினார்கள். எதெஸ்ஸாவின் அரசன் அப்கார் அங்கியையும் காசையும் வரவழைத்து, இரண்டையும் சேர்த்து இயேசுவுக்கே அனுப்பினான். இயேசு அங்கியை வைத்துக்கொண்டு, காசை ஆலயத்துப் பொக்கிஷத்துக்கு அனுப்பிவிட்டார்.

தம்மை விற்கப்போகும் காசை அவரே கொடுத்தனுப்புகிறார். இதை எழுதியவர் வெறும் வம்சாவளிக்காக எழுதவில்லை. யூதாஸின் கைக்கு வருமுன் காசு எத்தனை நல்ல கைகளில் இருந்தது என்று நம்மை எண்ண வைக்கிறார்.

மேற்கே கதை வேறு பாதையில் போனது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வித்தெர்போ ஊர் காட்ஃபிரே அதைச் செய்யுளாக்கினார். பதினான்காம் நூற்றாண்டில் ஹில்டெஸ்ஹைம் ஊர் யோவான், மூன்று ராஜாக்களின் வரலாற்றுக்குள் அதைச் சேர்த்தார். அங்கே யோசேப்பை அவன் சகோதரர்கள் விற்றதும் இதே காசுக்குத்தான். ஆதியாகமம் சொல்வது இருபது. கதைக்கு முப்பது வேண்டியிருந்தது. இந்தக் கதையில் ராஜாக்கள் காசைக் குழந்தையின் முன் காணிக்கையாக வைக்கிறார்கள், எகிப்துக்கு ஓடும் வழியில் மரியாள் தொலைத்துவிடுகிறாள், ஒரு மேய்ப்பன் கண்டெடுத்துப் பல வருஷம் பத்திரப்படுத்துகிறான். பிறகு யூதாஸ். முடிவில் பதினைந்து நிலத்துக்கு, மீதிப் பதினைந்து கல்லறையைக் காத்த சேவகர்களின் வாயை அடைக்க.

ஓவியர்கள் இந்த நீண்ட வழியை வரையவில்லை, பையை மட்டும் வரைந்தார்கள். பதுவாவில், வட்டித் தொழிலால் வளர்ந்த ஸ்க்ரொவெஞ்ஞி குடும்பம் கட்டிய சிற்றாலயத்தில், ஜொத்தோ சுமார் 1305-இல் தீட்டி முடித்த சுவரில், யூதாஸ் மஞ்சள் அங்கியோடு பையைப் பற்றி நிற்கிறான், பின்னால் சாத்தான் அவனைப் பிடித்திருக்கிறான். ஓவியம் மகத்தானது. ஆனால் மஞ்சள் அங்கியும் பணப்பையும் ஐரோப்பாவில் யூதர் அனைவர்மேலும் சுமத்தப்பட்டன. பன்னிருவரில் ஒருவன் செய்ததற்காக ஒரு முழு மக்களினம் துரத்தப்பட்டது, கொல்லப்பட்டது. இயேசுவும் அவருடைய தாயும் மற்றப் பதினொரு சீடர்களும் அதே இனத்தார் என்பது அப்போது எவர் நினைவுக்கும் வரவில்லை.

பக்தர்களுக்குக் காசையே கண்ணால் பார்க்கவும் ஆசை. ஐரோப்பிய ஆலயங்கள் பலவற்றில் யூதாஸின் காசு என்று நாணயங்கள் போற்றிப் பாதுகாக்கப்பட்டன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து நாணய அறிஞர் ஜார்ஜ் பிரான்சிஸ் ஹில் 1905-இல் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பல, ரோட்ஸ் தீவின் பழைய கிரேக்கக் காசுகள். அவற்றில் இருப்பது சூரிய தேவன் ஹேலியோஸின் முகம். தலையைச் சுற்றிய கதிர்களை முள்முடி என்று கண்டுகொண்டார்கள்.

நிலம் மட்டும் இடம் பெயரவில்லை. எருசலேமுக்குத் தெற்கே, இன்னோம் பள்ளத்தாக்கின் சரிவில், நான்காம் நூற்றாண்டிலிருந்தே கிறிஸ்தவர்கள் அதைச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். சிலுவைப்போர்க் காலத்தில் மருத்துவமனைச் சபை வீரர்கள் அங்கே பெரிய பிணக்கிடங்கு ஒன்றை எழுப்பி, புனித நகரத்தைப் பார்க்க வந்து அங்கேயே இறந்துபோன தூரதேசத்து யாத்திரிகர்களை அடக்கம் செய்தார்கள். உடல்களை இறக்குவதற்குக் கூரையில் துவாரங்கள் விட்டிருந்தார்கள்.