பார்லிமெண்டு அங்கத்தினரின் செயற்பதிவு

இந்திய லோக்சபை, ராஜ்யசபை அங்கத்தினர் ஒருவரின் வருகை, பேச்சு, கேள்வி, வாக்கு ஆகியவற்றைச் சபை ஏடுகளிலிருந்து திரட்டி அறியும் முறை. வருகையைப் பதிந்தால்தான் தினப்படி உண்டு என்னும் நியதியாலும், அனுமதியின்றி 60 நாட்கள் எல்லாக் கூட்டங்களுக்கும் வாராதவரின் ஸ்தானத்தைக் காலியானதாக அறிவிக்க அரசியல் சட்டத்தின் 101-ஆம் ஷரத்து சபைக்கு அதிகாரம் அளிப்பதாலும், வருகைக் கணக்கு செம்மையாகவே பேணப்படுகிறது. ஆயினும் மந்திரிகள் வருகையைப் பதிவதில்லை, பதிந்தவர் அன்று முழுவதும் சபையில் அமர்ந்திருந்தார் என்பதற்கும் அது சாட்சியமன்று. பேச்சுக்கள் சொல்லுக்குச் சொல் பதிவாகின்றன.

வாக்குப் பதிவே இவற்றுள் அரிது. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கினாலேயே நிறைவேறுவதால், எவர் ஆதரித்தார், எவர் எதிர்த்தார் என்பது ஏட்டில் ஏறுவதேயில்லை. சபாநாயகரின் முடிவை எவரேனும் ஆட்சேபித்துப் பிரிவு வாக்கெடுப்புக் கோரினாலோ, அரசியல் சட்டத் திருத்தம்போல் விசேஷப் பெரும்பான்மை வேண்டப்பட்டாலோதான் பெயர்ப்பட்டியல் பிறக்கிறது. கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியிழக்க 1985-இல் 52-ஆவது திருத்தத்தால் வந்த பத்தாம் அட்டவணை வகைசெய்தபின், அப்பட்டியலும் அங்கத்தினரின் சொந்த அபிப்பிராயத்தைக் காட்டிலும் கட்சியின் சித்தத்தையே பெரிதும் உணர்த்துகிறது எனலாம். 2005-இல் தோன்றிய பி.ஆர்.எஸ். என்னும் டில்லி ஆராய்ச்சி ஸ்தாபனம், அங்கத்தினர்வாரியாக வருகை, விவாதம், கேள்வி, தனி அங்கத்தினர் மசோதாக் கணக்குகளைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது.