கணினி வகுப்புக்கு வந்த ஆசிரியர்கள்

நம் சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், இந்த அரை நூற்றாண்டில் நம் பிள்ளைகளின் படிப்பு எப்படி மாறியது என்று திரும்பிப் பார்ப்பது பொருத்தமாகும். சங்கம் தொடங்கிய காலத்தில் தெப்ராவ் என்றாலே தோட்டங்கள்தாம் நினைவுக்கு வரும். இன்று மவுண்ட் ஆஸ்டின், தாமான் டாயா, டேசா தெப்ராவ் என எங்கு பார்த்தாலும் வீடமைப்புப் பகுதிகள். தோட்டம் போய்த் தாமான் வந்த அதே காலத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கணினியும் வந்தது. கணினி வந்த கதையைப் பலரும் பேசுகிறோம். அதைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் எப்படி உருவானார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

1980-களில் இடைநிலைப்பள்ளிகளில் கணினி ஒரு பாடமாக இருக்கவில்லை. கழக நடவடிக்கையாகவே நுழைந்தது. கணிதமோ அறிவியலோ போதிக்கும் ஆசிரியர்களில் ஆர்வமுள்ள ஒருவர் அந்தக் கழகத்தைப் பொறுப்பேற்பார். ஆசிரியர் நடவடிக்கை மையங்களில் நடக்கும் குறுகிய காலப் பயிற்சிதான் அவருக்குத் துணை. மீதியைத் தாமே படித்துத் தெரிந்துகொள்வார்.

1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கியது. அதன் ஓர் அங்கமாக 1997-இல் விவேகப் பள்ளித் திட்டம் வரையப்பட்டு, 1999 முதல் 2002 வரை 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் சோதனை முறையில் நடைபெற்றது. கணினியை ஓர் அறைக்குள் பூட்டி வைக்காமல் எல்லாப் பாடங்களிலும் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்பட்டபோது, அந்த ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் ஒளிபடக் கருவியும் கொடுக்கப்பட்டன. ஒரே நேரத்தில் மொழிக்கும் கருவிக்கும் அவர்கள் பயிற்சி பெற வேண்டியிருந்தது. 2009-இல் அக்கொள்கை கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. மொழி திரும்பிப் போனாலும், கருவி வகுப்பறையிலேயே தங்கிவிட்டது.

பிறகு கணினி தனிப்பாடமாக வலுப்பெற்றது. நான்காம், ஐந்தாம் படிவங்களுக்கான தகவல் தொடர்புத் தொழில்நுட்பப் பாடத்துக்கு 2006-இல் கலைத்திட்டம் வந்தது. கணினி அமைப்பு, வலையமைப்பு, பல்லூடகம், நிரலாக்கம், தகவல் முறைமை என அதன் பகுதிகள் விரிந்தன. குறுகிய காலப் பயிற்சியோடு வந்து இதை நடத்திவிட முடியாது. இதற்கென்றே படித்த ஆசிரியர் தேவைப்பட்டார்.

அந்தப் படிப்பு நமக்குத் தொலைவில் இல்லை. தெப்ராவிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினியையும் கல்வியியலையும் சேர்த்துப் படிக்கும் பட்டக்கல்வி அங்கே வழங்கப்பட்டது. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமான தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகமும் அத்தகைய ஆசிரியர்களை உருவாக்கியது. வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் ஓராண்டுப் பட்டப்பின் ஆசிரியர் பயிற்சி வழியாகவும் பள்ளிக்குள் வந்தார்கள்.

இப்பயிற்சியில் நிரல் எழுதத் தெரிவது பாதிதான். ஒரு கணினிக்கு இரண்டு மூன்று மாணவர்கள் அமரும்போது எல்லாருடைய கையும் விசைப்பலகையைத் தொடும்படி பாடத்தை அமைப்பது மறுபாதி. மின்சாரம் நின்றால் வெண்பலகையில் அதே பாடத்தைத் தொடர வேண்டும். முடிவைச் சொல்லிவிடாமல், பிழை எங்கே என்று மாணவனே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பள்ளியில் நடக்கும் போதனைப் பயிற்சியின்போதுதான் இவையெல்லாம் கைவரும்.

இவ்விடத்தில் தெப்ராவ் நீரிணைக்கு அக்கரையில் வாழ்ந்த ஒருவரை நினைவுகூர வேண்டும். சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 1990-களில் தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தவர், 1999-இல் மறைந்தார். முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இன்று நம் தாய்மார்கள் கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்புவதற்குப் பின்னால் இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது.

2017-இல் முதலாம் படிவத்தில் கணினி அறிவியல் அடிப்படை என்ற பாடம் அறிமுகமானது. இரும எண், படிமுறைச் சிந்தனை, நிரலாக்கம் ஆகியவை பதின்மூன்று வயதிலேயே தொடங்கின. ஆனால் பள்ளிகள் இதையோ, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தையோ தேர்ந்தெடுக்கலாம். கணினிக் கூடமும் தகுந்த ஆசிரியரும் இருந்தால் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு உண்டு, இல்லையேல் இல்லை. ஆக, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் வருவதும் வராததும் ஒரு தலைமுறையின் பாதையை மாற்றக்கூடியது. தமிழ்ப்பள்ளியில் படித்து, ரிமூவ் வகுப்பைக் கடந்து வரும் நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிது. நிரல்மொழி எல்லாருக்கும் புதிது. அங்கே மலாய் வீட்டுப் பிள்ளையும் தமிழ் வீட்டுப் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறார்கள்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லா ஆசிரியரும் ஒரே நாளில் கணினி ஆசிரியராக வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜூனில் கல்வி அமைச்சின் டெலிமா தளம் தொடங்கியது. எந்தப் பள்ளியில் பயிற்சி ஏற்கெனவே வேரூன்றியிருந்ததோ, அங்கே பாடம் விரைவில் மீண்டது.

நம் சமுதாயத்தார் உணவகம், மளிகை, நாணய மாற்று என வணிகத்தில் வேரூன்றியவர்கள். கணினி படித்த பிள்ளையை நிறுவன வேலைக்கோ, கடலுக்கு அக்கரையில் சிங்கப்பூர் வெள்ளிக்கோ அனுப்பவே மனம் நாடுகிறது. பெண்பிள்ளை ஆசிரியையானால் சபா, சரவாக் என்று தூரத்தில் போட்டுவிடுவார்களே என்ற கவலையும் உண்டு. இரண்டும் நியாயமானவையே. ஆயினும், முதல் இறைச்செய்தி ஓதுதலையும் எழுதுகோலையும் பற்றியதாக அமைந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். கற்றுக்கொடுத்த அறிவு, கற்றுக்கொடுத்தவர் மறைந்த பின்னும் நன்மை சேர்த்துக்கொண்டேயிருக்கும் என்று நம்புகிறவர்கள்.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளையோடு மேற்படிப்பைப் பற்றிப் பேசும்போது, கணினி ஆசிரியர் என்ற பாதையையும் பெற்றோர் எடுத்துச் சொல்ல வேண்டும். சங்கத்தின் அடுத்த ஐம்பது ஆண்டு வரலாற்றை எழுதுகிறவர், தெப்ராவ் வட்டாரப் பள்ளிகளின் கணினிக் கூடங்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியர்களாக நின்றதையும் எழுதட்டும். இன்ஷா அல்லாஹ்.