பெண்ணியவாதிகளுக்குள்ளேயே மோதல்... 2017 'லிஸ்ட்' கிளப்பிய சண்டை என்ன?

"ஃபெமினிஸ்ட்டுங்க எல்லாரும் ஒரே செட்டு. ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்கவே மாட்டாங்க!" - இப்படி ஒரு கமென்ட்டை நீங்களும் எங்கேயாவது படிச்சிருப்பீங்க. 2017 அக்டோபர் மாசக் கடைசியில் ஃபேஸ்புக் பக்கம் போனவங்களுக்கு, அது எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சிருக்கும்.

அப்போது அமெரிக்காவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ராயா சர்க்கார், ஃபேஸ்புக்கில் ஒரு பட்டியலைப் பகிர்ந்தார். பாலியல் சீண்டல் செய்ததாக மாணவிகள் சொன்ன இந்தியப் பேராசிரியர்களின் பெயர்கள் அதில் இருந்தன. நாளுக்கு நாள் நீண்டு, பெயர்களின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. பெயர், கல்லூரி, அவ்வளவுதான். என்ன நடந்தது, யார் சொன்னது என்ற விவரம் பெரும்பாலும் இல்லை. புகார் சொன்னவர்களைக் காப்பாற்றத்தான் அப்படி என்றார் ராயா.

அடுத்து நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. நிவேதிதா மேனன், கவிதா கிருஷ்ணன், விருந்தா குரோவர் என, பெண்ணிய இயக்கத்தில் பல வருஷம் உழைத்த பத்துக்கும் மேற்பட்டவர்கள் 'காஃபிலா' தளத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பட்டியலை வாபஸ் வாங்குங்கள், புகார் இருந்தால் முறையான விசாரணைக்குக் கொண்டுபோங்கள், நாங்கள் துணை நிற்கிறோம் என்பது அதன் சாரம். விசாரணையில் குற்றம் நிரூபிக்கப்பட்டவரையும், எந்த விவரமும் இல்லாமல் பெயர் மட்டும் வந்தவரையும் ஒரே வரிசையில் வைப்பது நியாயமா என்றும் கேட்டார்கள்.

'நீங்க யார் பக்கம்?' என்று இளம் பெண்கள் பலர் கொதித்துப்போனார்கள்.

ஏன் 'முறை' முறைன்னு பேசினாங்க?

சீனியர்களைப் பயந்தாங்கொள்ளிகள்னு சொல்லிட்டுப் போறது ஈஸி. ஆனா, அந்த 'முறை'யே அவங்க தலைமுறை போராடி வாங்கினது.

1972-ல் மகாராஷ்டிராவில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்திலேயே வன்கொடுமைக்கு ஆளானார். 1978-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸாரையும் விடுவித்தது. 1979-ல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய திறந்த கடிதமும், அதைத் தொடர்ந்த போராட்டங்களும் 1983-ல் சட்டத்தையே மாற்ற வைத்தன.

1992-ல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997-ல் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன. அதற்கு முன்பு, வேலை செய்யும் இடத்தில் நடக்கும் சீண்டலுக்கு எனத் தனி ஏற்பாடே கிடையாது. 2013-ல் அது சட்டமானது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் ஐ.சி.சி எனும் உள்ளகப் புகார் குழு கட்டாயம் என்பதெல்லாம் இந்த வழியில் வந்ததுதான். இருபது, முப்பது வருஷம் செங்கல் செங்கலா கட்டின வீட்டை, ஒரு கூகுள் ஷீட் ஸ்டைல் லிஸ்ட் இடிச்சிடுமோங்கிற பதற்றம் அவங்களுக்கு.

அந்த வீட்டுக்குள்ள நாங்க வர முடியலையே!

இளையவர்களின் பதில் இது. பிஹெச்.டி மாணவிக்கு கைடு என்பவர் சாதாரண ஆள் இல்லை. ஆய்வேட்டில் கையெழுத்து, ஃபெல்லோஷிப், பரிந்துரைக் கடிதம் என எல்லாம் அவர் கையில். குழுவில் உட்காருபவர்களோ அவருடைய சக பேராசிரியர்கள். சட்டப்படி மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். படிப்பு முடிந்து வெளியே வந்தால்தான் வாயே திறக்க முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு இது எந்த மூலைக்கு? அதுவரை ஹாஸ்டலில் சீனியர் அக்கா ஜூனியர் காதில் 'அவர்கிட்ட தனியா போகாதே' என்று சொல்வதுதான் பாதுகாப்பு. அந்த அக்காக்களைத் தெரியாத, முதல் தலைமுறையாகப் பட்டணத்துக்குப் படிக்க வந்த பெண்ணுக்கு அதுவும் இல்லை. காதோடு சொன்னதைத்தான் இந்த லிஸ்ட் சத்தமாகச் சொன்னது.

இன்னொரு விஷயமும் உண்டு. டெல்லி ஜே.என்.யு-வில் 1999 முதல் இயங்கிய, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் கொண்ட 'ஜி.எஸ்.கேஷ்' குழுவை நிர்வாகம் கலைத்து ஐ.சி.சி-யைக் கொண்டுவந்தது 2017 செப்டம்பரில். அதாவது, லிஸ்ட் வருவதற்கு ஒரு மாதம் முன்பு. முறையை நம்புங்கன்னு சொன்ன நேரத்துல, முறைக்கே ஆதரவு குறைஞ்சிருந்தது.

வயசு மட்டும்தானா?

இல்லை. ராயா தலித் பின்னணி கொண்டவர். அறிக்கையை எதிர்த்தவர்களில் பலர் இதை 'சவர்ணப் பெண்ணியம்' என்றே விமர்சித்தார்கள். இந்தக் கோபம் 2017-ல் பிறந்தது அல்ல. சென்னையில் பிறந்த ரூத் மனோரமா போன்றவர்களின் முயற்சியில் 1995-ல் தலித் பெண்களுக்கான தேசியக் கூட்டமைப்பு தனியாக உருவானதே, பொதுவான பெண்கள் இயக்கத்தில் எங்கள் குரல் இல்லை என்ற ஆதங்கத்தில்தான்.

2005-ல் மகாராஷ்டிரா டான்ஸ் பார்களைத் தடை செய்தபோதும் இதே பிளவு. பெண்களின் பிழைப்பைப் பறிக்காதே என்றன மும்பையின் பல பெண்ணிய அமைப்புகள். சாதி வழியாகத் திணிக்கப்பட்ட தொழிலை 'சாய்ஸ்' என்று கொண்டாடாதீர்கள் என்றனர் தலித் பெண்ணியவாதிகள் சிலர். அங்கே சண்டை வயசை வெச்சு வரலை.

என்னைக் கேட்டால், லிஸ்ட்டில் விவரம் இல்லாதது நிஜமான குறைதான். ஆனால், அந்த லிஸ்ட் இல்லாமல் இத்தனை கல்லூரிகளில் இந்தப் பேச்சே வந்திருக்காது.

அப்புறம் என்ன ஆச்சு?

2018-ல் மீ டூ அலை அடித்தது. இந்த முறை பல பெண்கள் தங்கள் பெயரோடு, என்ன நடந்தது என்ற விவரத்தோடு பேசினார்கள். பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே.அக்பர் அவதூறு வழக்கு போட்டார். 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல பத்தாண்டுகள் கழித்தும், தான் விரும்பும் எந்தத் தளத்திலும் ஒரு பெண் தன் புகாரைச் சொல்லலாம் என்றது தீர்ப்பு. அக்பர் மேல்முறையீடு செய்தார்.

நீங்க கல்லூரியில் படிக்கிறீங்கன்னா ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. 2015 யு.ஜி.சி விதிகளின்படி, மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் இருக்க வேண்டும். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அதைப் பொய்ப் புகார் என்று சொல்லித் தண்டிக்கவும் சட்டத்தில் இடமில்லை.

இந்த எல்லாச் சட்டத்துக்கும் காரணமான பன்வாரி தேவியின் வழக்கில், 1995-ல் கீழ் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்துக்குப் போன மேல்முறையீடு பல வருஷங்கள் கிடப்பிலேயே கிடந்தது. லிஸ்ட்டை எதிர்த்தவங்க, ஆதரிச்சவங்க ரெண்டு பேருமே உதாரணமா காட்டினது அவரைத்தான்.