அட்ரினல் செல்களில் நரம்புப் பெப்டைடுகளின் சமிக்ஞை

நரம்புப் பெப்டைடுகள் என்பவை நரம்புச் செல்கள் உருவாக்கி வெளியிடும் குறுகிய அமினோ அமிலத் தொடர்கள். அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியான மெடுல்லாவில் உள்ள குரோமாஃபின் செல்கள் எவ்வளவு அட்ரினலின், நார்அட்ரினலின் சுரக்கின்றன, எவ்வளவு நேரம் சுரக்கின்றன என்பதை இவை பெரிதும் தீர்மானிக்கின்றன. இவற்றுள் முதன்மையானது பேகேப்.

கண்டுபிடிப்பு

1989இல் அட்சுரோ மியாட்டா, ஆகிரா அரிமுரா குழுவினர் செம்மறியாட்டின் ஹைப்போதலாமஸிலிருந்து பேகேப்பைப் பிரித்தெடுத்தனர். இதில் 38 அமினோ அமிலங்கள் உள்ளன. 27 அமினோ அமிலங்கள் கொண்ட குறுவடிவமும் உண்டு.

வெளியீடு

குரோமாஃபின் செல்களை இயக்கும் ஸ்பிளாங்க்னிக் நரம்பின் முனைகளில் அசிட்டைல்கோலினுடன் பேகேப்பும் சேமிக்கப்பட்டுள்ளது. நரம்புத் துடிப்பு மெதுவாக இருக்கும்போது அசிட்டைல்கோலினே பெரும்பங்கு வகிக்கிறது. ஆனால் அதன் நிக்கோட்டினிக் ஏற்பிகள் தொடர் தூண்டலில் விரைவில் உணர்விழக்கின்றன. உடல் கடும் நெருக்கடிக்கு உள்ளாகித் துடிப்பு வேகமெடுக்கும்போது, சுரப்பு தளராமல் தொடர பேகேப் உதவுகிறது.

செல்லுக்குள் நிகழ்வது

பேகேப், செல் சவ்விலுள்ள பேக்1 என்ற ஜி-புரத இணைவு ஏற்பியுடன் சேர்கிறது. ஜிஎஸ் புரதம் வழியாக அடினைலேட் சைக்ளேஸ் நொதி தூண்டப்பட்டு, ஏடிபியிலிருந்து சைக்ளிக் ஏஎம்பி உருவாகிறது. இது புரதக் கைனேஸ் ஏ, ஈபேக் முதலிய புரதங்களைச் செயல்படுத்துகிறது. அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகிய கேட்டகோலமைன்களின் உற்பத்தி வேகத்தை வரையறுப்பது டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதி. அதன் 40ஆம் இடத்துச் செரினில் புரதக் கைனேஸ் ஏ பாஸ்பேட்டை ஏற்றி அதை முடுக்குகிறது. பேக்1 ஏற்பி ஜிகியூ புரதத்துடனும் இணையக்கூடியது. அவ்வழியில் பாஸ்போலைப்பேஸ் சி செயல்பட்டு, உட்சேமிப்பிலுள்ள கால்சியம் வெளிவருகிறது. வெளியிலிருந்தும் கால்சியம் செல்லுக்குள் பாய்கிறது. கால்சியம் உயர்ந்ததும் ஹார்மோன் நிறைந்த நுண்பைகள் சவ்வுடன் இணைந்து உள்ளடக்கத்தை வெளியேற்றுகின்றன.

நீண்டகால விளைவு

ஈஆர்கே உள்ளிட்ட கைனேஸ்கள் வழியாகச் சமிக்ஞை உட்கருவையும் எட்டுகிறது. டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் மரபணுவின் வெளிப்பாடு கூடுவதால், செலவான ஹார்மோன் இருப்பு மீண்டும் நிரம்புகிறது. என்கெஃபலின், கலனின் போன்ற பெப்டைடுகளின் மரபணு வெளிப்பாடும் உயர்கிறது. ஆகவே குரோமாஃபின் செல் பெப்டைடு சமிக்ஞையைப் பெறுவதோடு, பெப்டைடுகளைச் சுரக்கவும் செய்கிறது.

உடலியல் முக்கியத்துவம்

பேகேப் மரபணு நீக்கப்பட்ட எலிகளைப் பற்றிய ஆய்வு 2002இல் வெளியானது. இன்சுலினால் இரத்தச் சர்க்கரை குறைந்தபோது அவற்றால் அட்ரினலினை நீண்ட நேரம் சுரக்க இயலவில்லை. சாதாரண எலிகள் தாங்கிய அந்தச் சர்க்கரைக் குறைவு அவற்றுக்கு உயிராபத்தானது.