முடிவுபரியந்தம் நிலைத்திருத்தல்: வேலூர்–ஆம்பூர் வட்டாரக் கிறித்தவத்தில் ஒரு கருத்தின் வளர்ச்சி

தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றிய புராட்டஸ்டண்டு கிறித்தவம், துன்பத்திலும் விசுவாசத்தை விடாமல் வாழ்நாளின் முடிவுபரியந்தம் நிலைத்திருக்க வேண்டும் என்னும் போதனையை இரு வேறு இறையியல் மரபுகளின் வழியாகப் பெற்றது. வேலூர்ப் பகுதியில் பணியாற்றிய ஆற்காடு மிஷன், அமெரிக்கச் சீர்திருத்த சபையைச் சார்ந்தது. கடவுள் தெரிந்துகொண்டவர்களை அவரே இறுதிவரை காக்கிறார் என 1618–19 இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சபை மன்றம் வகுத்த கொள்கை அதற்கு அடிப்படையாயிற்று. ஆம்பூர்ப் பகுதிக்கு வந்த மிசௌரி லுத்தரன் சபையோ, விசுவாசி வழுவிப்போகவும் கூடும் என்பதால், திருவசனத்தாலும் ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய அருளடையாளங்களாலும் அவருடைய விசுவாசம் இடைவிடாது ஊட்டம் பெற வேண்டும் என்று கற்பித்தது. இவ்விரு போதனைகளும் இங்கே தனிமனிதரின் மன உறுதியாக நின்றுவிடாமல், ஒருவரை ஒருவர் தாங்கும் பொதுவாழ்வாக வளர்ந்தன என்பதை இவ்வட்டார வரலாறு காட்டுகிறது.

தொடக்கக் கட்டத்தில் நிலைத்திருத்தல் என்பது பெரும்பாலும் இழப்பைத் தாங்குவதாகவே இருந்தது. 1819 இல் நியூயார்க்கில் தம் மருத்துவத் தொழிலை விட்டு இலங்கைக்குப் புறப்பட்ட ஜான் ஸ்கடர், சிறு குழந்தைகளைப் பறிகொடுத்த பின்னும் பணியைக் கைவிடாமல், 1836 இல் சென்னைக்கு வந்து, 1855 இல் தென்னாப்பிரிக்காவில் இறக்கும்வரை அதிலேயே நீடித்தார். அவருடைய புதல்வர்கள் 1853 இல் ஆற்காடு மிஷனை நிறுவினர். வேதாகமத்தின் அதிகாரம் பற்றிய கருத்து வேறுபாட்டால் ஜெர்மானிய லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷனிலிருந்து விலகிய தியோடர் நேத்தர், 1895 இல் கிருஷ்ணகிரியில் மிசௌரி லுத்தரன் பணியைத் தொடங்கி, 1904 இல் அங்கேயே பிளேக் நோய்க்குப் பலியானார். ஆயினும் அப்பணி ஆம்பூரில் பள்ளியாகவும் பெதஸ்தா மருத்துவமனையாகவும் தொடர்ந்தது.

மிஷனரிகளின் துன்பம் ஆவணங்களில் விரிவாகப் பதிவாகியுள்ளது. சபையில் சேர்ந்த உள்ளூர் மக்களின் துன்பம் அவ்வளவாகப் பதிவாகவில்லை. அவர்களுள் பெரும்பான்மையோர் சேரிகளில் வாழ்ந்து, பிறருடைய நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். மதம் மாறியவர்களுக்கு வேலையை மறுப்பது நிலவுடைமையாளர்களின் கையிலிருந்த எளிய ஆயுதமாயிற்று. 1876–78 ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின்போது சேர்ந்தவர்களைக் கஞ்சிக்காக வந்தவர்கள் என்று இகழ்வதும் உண்டு. ஆனால் பஞ்சம் தணிந்த பின்னும் சபையில் தங்கியவர்களின் விசுவாசத்தை அந்த இகழ்ச்சியால் விளக்கிவிட முடியாது. 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையைக் கிறித்தவரான தலித்துகளுக்கு வழங்காததால், விசுவாசத்தில் நிலைத்திருப்பதற்கான விலையை அவர்களின் சந்ததியும் செலுத்த வேண்டியதாயிற்று.

அடுத்த கட்டத்தில் நிலைத்திருத்தல் நிறுவன வடிவம் பெற்றது. 1870 இல் ராணிப்பேட்டையில் பிறந்த, ஜான் ஸ்கடரின் பேத்தியான ஐடா ஸ்கடர், 1900 இல் மருத்துவராகத் திரும்பிய சில மாதங்களிலேயே தந்தையை இழந்தும், வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவப் பணியை விடவில்லை. 1918 இல் அவர் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி, சான்றிதழ் படிப்பைக் கைவிட்டுப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பை நடத்த வேண்டும் என்ற அரசு முடிவால் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, எழுபது வயதைக் கடந்த அவர் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1942 இல் பட்டப்படிப்பு தொடங்கியது. அவருக்குப் பின் ஹில்டா லாசரஸ் பொறுப்பேற்றது, அப்பணி ஒருவருடைய ஆயுளோடு முடிந்துவிடாது என்பதை உறுதிப்படுத்தியது.

இக்கருத்தின் முழு வளர்ச்சியை மேரி வர்கீஸின் வாழ்வில் காணலாம். வேலூரில் இளம் மருத்துவராக இருந்த அவர், 1954 இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையை வளர்த்துவந்த பால் பிராண்ட், அதை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவரை ஊக்குவித்தார். சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்யக் கற்ற அவர், வெளிநாடுகளில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார்; 1966 இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாக முன்னின்றார்; 1972 இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1986 இல் மறைந்தார். துன்பம் நீங்கும்வரை பொறுத்திருப்பது என்ற பழைய பொருள் இங்கே மாறி, நீங்காத துன்பமே பிறருடைய நோவை அறிந்து அவர்களுக்கு உழைக்கும் தகுதியாயிற்று.

விசுவாசம் மனிதருடைய சொந்தப் பலத்தால் நிலைப்பதில்லை என்பதில் டார்ட் கொள்கையும் லுத்தரன் போதனையும் ஒன்றுபடுகின்றன. இவ்வட்டார வாழ்விலும் அப்படியே, மேரி வர்கீஸுக்குப் பால் பிராண்டும், கிராமச் சபைகளுக்கு அவற்றின் உபதேசியார்களும், ஐடா ஸ்கடருக்கு அவரிடம் பயின்ற பெண்களும் துணைநின்றனர். ஆதலால் இறுதிவரை நிலைத்திருந்த ஒருவரைப் போற்றும் ஆய்வு, அவரைத் தாங்கி நின்றவர்களையும், பெயர் பதிவாகாமல் அதே விலையைச் செலுத்திய சேரி மக்களையும் அந்த வரலாற்றில் சேர்த்து எழுதக் கடமைப்பட்டுள்ளது.