ஆண்டு வாடகை ஒரு கில்டர்



ஜெர்மனியின் தெற்கே, லெக் ஆறும் வெர்டாக் ஆறும் கூடுமிடத்தில் ஆக்ஸ்பர்க் என்னும் நகரம் இருக்கிறது. ரோமானியர் அமைத்த ஊர். பேரரசன் அகஸ்டஸின் பெயர்தான் மருவி ஊர்ப் பெயராயிற்று. இடைக்காலத்தில் நெசவாலும் வாணிகத்தாலும் அது செழித்தது. சுமார் 900 ஆண்டுப் பழமையுள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அங்குள்ள பேராலயத்தில் உள்ளன. எலியாஸ் ஹோல் என்ற கட்டடக் கலைஞர் 1615 முதல் 1620 வரை எழுப்பிய நகர மன்றமும், அதனுள் இருக்கும் பொன் மண்டபமும் பெயர் பெற்றவை. ஆயினும் அந்த ஊரில் என் மனத்தைக் கவர்ந்தது மாளிகை எதுவுமன்று. மதிலுக்குள் வரிசை வரிசையாக நிற்கும் சின்னஞ்சிறு வீடுகள்தாம். அந்தக் குடியிருப்புக்கு ஃபுக்கராய் என்று பெயர்.

1367-ஆம் ஆண்டில் ஹான்ஸ் ஃபுக்கர் என்ற நெசவாளி கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி ஆக்ஸ்பர்க் வந்தார். அவருடைய பேரன் யாக்கோப் ஃபுக்கர் ஐரோப்பாவிலேயே பெரும் பணக்காரர் ஆனார். வெள்ளிச் சுரங்கம், செம்புச் சுரங்கம், வட்டித் தொழில் எல்லாம் அவர் கையில் இருந்தன. 1519-இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு வேண்டிய பணத்தில் பெரும்பங்கு இவர் கொடுத்த கடன். அரசனே கடனாளி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இந்த யாக்கோப் 1516-இல் ஏழைத் தொழிலாளருக்காக வீடு கட்டத் தொடங்கினார். 1521-இல் அறக்கட்டளைச் சாசனம் எழுதி வைத்தார். உழைத்துப் பிழைக்கும் கைத்தொழிலாளரும் தினக்கூலிகளும் நோயாலோ கடனாலோ நொடித்துப் போனால், அவர்கள் பிச்சை எடுக்கும் நிலைக்கு இறங்காமல் தாங்குவதே நோக்கம். ஆண்டுக்கு ஒரு ரைன் கில்டர் வாடகை; அத்துடன் நாள்தோறும் பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாச மந்திரம் ஆகிய மூன்றையும் நிறுவியவரின் குடும்பத்துக்காகச் சொல்ல வேண்டும். சுரங்கத்திலும் வட்டியிலும் சேர்த்த பணத்துக்கு மறுமையில் கணக்குத் தீர்க்க நினைத்தார் போலும்! தூய தருமம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வீடுகள் நல்ல வீடுகள்.

ஒவ்வொரு வீட்டிலும் கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். இரண்டு குடும்பத்துக்கும் தெருவிலிருந்து தனித்தனி வாசல். ஒருவர் வீட்டு நடை வழியாக மற்றவர் போக வேண்டியதில்லை. ஏழைக்கும் தனக்கென்று ஒரு வாசற்கதவு வேண்டும் என்பதை 500 ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். வாசலில் தொங்கும் மணியின் கைப்பிடி வீட்டுக்கு வீடு வேறு வேறு வடிவம். தெருவிளக்கு இல்லாத காலத்தில், இருட்டிலும் தடவிப் பார்த்துத் தம் வீட்டை அறியலாம்.

இரவு 10 மணிக்கு வாயிற்கதவு மூடப்படும். அதற்குப் பின் வருபவர் காவலாளிக்குச் சிறு தொகை கொடுத்தால்தான் உள்ளே போக முடியும். இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. 1681 முதல் 1694 வரை இங்கே குடியிருந்தவர்களில் ஃபிரான்ஸ் மோட்சார்ட் என்ற கொத்தனாரும் ஒருவர். உலகப் புகழ் பெற்ற இசைமேதை மோட்சார்ட் அவருடைய கொள்ளுப் பேரன்.

இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரி 25-ஆம் தேதி இரவு, விமானக் குண்டுகள் ஆக்ஸ்பர்க்கை எரித்தன. பொன் மண்டபம் அழிந்தது. ஃபுக்கராயின் பெரும்பகுதியும் இடிந்தது. குடியிருந்தோர் நிலத்தடிப் பதுங்கறையில் புகுந்து உயிர் பிழைத்தனர். போர் முடியும்வரைகூடக் காத்திராமல், சில நாட்களிலேயே ஃபுக்கர் குடும்பத்தார் கூடி மீண்டும் கட்டுவதென்று தீர்மானித்தார்கள். பழைய வடிவிலேயே கட்டி, புதிதாகச் சில வீடுகளும் சேர்த்தார்கள்.

வேலை போனால் வீடும் போகும் என்ற கவலையை அறிந்தவர்கள் நாம். ஆகவே, இன்று அங்கே என்ன வாடகை என்று கேட்கத் தோன்றும். பழைய ஒரு கில்டரின் மதிப்பு என்று கணக்கிட்டு, ஆண்டுக்கு 88 யூரோ காசு வாங்குகிறார்கள். ஒரு யூரோகூட இல்லை. கணப்புச் செலவு தனி. அறக்கட்டளைக்குச் சொந்தமான காடுகளிலிருந்து வரும் வருமானமே செலவில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. சுமார் 150 பேர் அங்கே வாழ்கிறார்கள். ஆக்ஸ்பர்க் நகரவாசியாகவும் கத்தோலிக்கராகவும் வறியவராகவும் இருப்பவருக்கே அங்கு இடம். அந்த மூன்று மந்திரங்களும் வாடகையோடு இன்றும் சேர்ந்தே இருக்கின்றன.