தொப்பியில் ஏறிய கொக்கு

1886-இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவை ஆர்வலர் நியூயார்க்கின் கடைத்தெருவில் இரண்டு முறை நடந்து, அங்கே போய்வந்த பெண்களின் தொப்பிகளை எண்ணினார். கண்ணில் பட்ட 700 தொப்பிகளில் 542-இல் இறகு இருந்தது. சுமார் 40 வகைப் பறவைகளை அவரால் இனம் காண முடிந்தது.

தலையில் இறகு சூடுவது பழைய வழக்கம். முகலாய அரசர்களின் தலைப்பாகையில் நாரை இறகு நின்றது. அதைச் சூடும் உரிமை அரச குடும்பத்துக்கும் அரசர் மனமுவந்து கொடுத்தவர்களுக்கும்தான். ஐரோப்பாவில் படை அதிகாரிகளின் தொப்பியிலும் அது ஏறியது. பதவியால் கிடைத்த அந்த அடையாளம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசு கொடுத்தால் கிடைக்கும் கடைச் சரக்காகிவிட்டது.

எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது வெள்ளைக் கொக்கின் முதுகில் முளைக்கும் தூவி. மெல்லிய காம்பிலிருந்து நூல் நூலாகப் பிரிந்து, மூச்சுக்காற்று பட்டாலே அசையும். இணையைக் கவர்வதற்காகக் கூடு கட்டும் பருவத்தில் மட்டுமே கொக்கு அதை வளர்க்கிறது. கொடுமையே அதில்தான். வேட்டைக்காரர்கள் கூட்டுக்கே வந்து தாய் தந்தையைச் சுட்டார்கள். குஞ்சுகள் இரையின்றிச் செத்தன. ஒரு அவுன்ஸ் தூவிக்கு ஏறக்குறைய நான்கு கொக்குகள் போயின. 1903-இல் அமெரிக்காவில் அந்த ஒரு அவுன்ஸின் விலை சுமார் 32 டாலர், தங்கத்தைவிட அதிகம்.

புளோரிடாவின் சதுப்பு நிலங்களைக் காவல் காத்த கை பிராட்லி, சிறுவயதில் தாமே இறகு வேட்டைக்குப் போனவர். 1905 ஜூலை 8-இல், கொக்குகளைச் சுட்டவர்களைத் தடுக்கப் படகில் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மீது வழக்குகூட நிற்கவில்லை.

தொப்பி அணிந்த பெண்களையே குற்றம் சொல்லி முடித்துவிடுவது அநியாயம். இந்த வணிகத்தை முன்னின்று எதிர்த்தவர்களும் பெண்கள்தான். இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் 1889-இல் தொடங்கிய சங்கம்தான் இன்று அந்நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பு. பாஸ்டனில் ஹேரியட் ஹெமன்வேயும் மின்னா ஹாலும் 1896-இல், ஊரின் செல்வந்தக் குடும்பப் பெண்களைத் தேநீருக்கு அழைத்து, இனி இறகு சூடுவதில்லை என்று ஒவ்வொருவராக இணங்க வைத்தார்கள். எந்த வீடுகளில் இறகு பெருமையாக இருந்ததோ, அதே வீடுகளில் அது வெட்கக்கேடாக மாறியது. சட்டத்தைவிட இதுதான் பெரிய வேலை என்று சொல்ல வேண்டும்.

சட்டமும் மெல்ல வந்தது. பிரிட்டிஷ் இந்தியா 1902-இல் காட்டுப் பறவை இறகுகளின் ஏற்றுமதியைத் தடுத்தது. ஆனாலும் கள்ளத்தனமாக லண்டனுக்குச் சரக்கு போய்க்கொண்டுதான் இருந்தது. அமெரிக்கா 1918-இல் வலசைப் பறவைகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. பிரிட்டன் 1921-இல் இறகு இறக்குமதிக்குத் தடை போட்டது; விற்பதையும் சூடுவதையும் மட்டும் அந்தச் சட்டம் தொடவில்லை.